காரியம் முடிந்த பிறகு கணக்கு வழக்கு: கேள்வி பதில்

முப்பது வருடம் சிங்கப்பூரில் வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். வக்கீல் இல்லை. கேட்டவர்களின் பெயருக்குப் பதில் அவரவர் வட்டாரத்தைப் போட்டிருக்கிறேன். முஸ்லிம் குடும்பங்களுக்கு ஷரியா நீதிமன்றத்தின் வாரிசுச் சான்றிதழ் வழி தனி; அதை விவரம் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

ஊட்லண்ட்ஸ்: அப்பா போன வாரம் தவறிவிட்டார். இறப்புச் சான்றிதழை எங்கே போய் வாங்குவது?

எங்கும் போக வேண்டாம், தம்பி. 2022 மே 29 முதல் இங்கே நடக்கும் மரணங்கள், மருத்துவர் உறுதி செய்ததும் தானாகவே பதிவாகிவிடும். 'மை லெகசி' என்ற அரசாங்க இணையத்தளத்தில் சான்றிதழை 30 நாளுக்குள் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அப்பாவின் ஏடிஎம் அட்டையைத் தொடாதீர்கள். ரகசிய எண் தெரியும் என்பதால் பணம் உங்களுடையதாகிவிடாது.

தெம்பினிஸ்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை அம்மா உயிலில் தங்கைக்கு எழுதியிருக்கிறார். பத்திரத்தில் அப்பா பெயரும் உண்டு.

'ஜாயின்ட் டெனன்சி' (பங்கு பிரிக்காத கூட்டு உரிமை) என்றால் வீடு முழுக்க அப்பாவுக்கு; உயிலில் என்ன எழுதியிருந்தாலும் சரி. 'டெனன்சி இன் காமன்' (தனித்தனிப் பங்கு) என்றால் அம்மாவின் பங்கு மட்டும் உயில்படி போகும். தங்கைக்கு ஏற்கெனவே வீவக வீடு இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது.

சிராங்கூன்: என் மகன் மாரடைப்பில் போய்விட்டான். கல்யாணத்துக்கு முன்பே தன் மசேநிதிப் பணம் (மத்திய சேமநிதி, ஓய்வுக்காலச் சேமிப்பு) எனக்கு வரும்படி என்னை நியமித்தான், தாள் என்னிடம் இருக்கிறது. இப்போது எல்லாம் மருமகளுக்கும் பேரனுக்கும்தான் என்கிறார்கள்.

அம்மா, சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. அவர்கள் சொல்வது சரி. கல்யாணம் ஆனதும் பழைய மசேநிதி நியமனம் ரத்தாகிவிடும். யாரும் வந்து சொல்லமாட்டார்கள்; நாம்தான் புதிதாகச் செய்ய வேண்டும். சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளம்) வழியாகச் செய்யலாம், 21 வயதான இரண்டு சாட்சிகள் போதும், செலவும் இல்லை. மணமேடையிலிருந்து இறங்கியதும் செய்ய வேண்டிய வேலை என்று பார்க்கிற எல்லோரிடமும் சொல்கிறேன், சிரிக்கிறார்கள். மசேநிதியை உயிலிலும் எழுத முடியாது. நியமனம் இல்லாத பணம் பொது அறங்காவலரிடம் (இறந்தவர் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் அரசு அதிகாரி) போய், கட்டணம் பிடித்தம் போக, சட்டப்படி பிரியும். மனைவிக்குப் பாதி, பிள்ளைக்குப் பாதி. பிள்ளை இல்லாதிருந்தால் பெற்றோருக்குப் பாதி வந்திருக்கும். பேரன் பிறந்த நாளிலேயே உங்கள் பங்கு போய்விட்டது.

புக்கிட் பாத்தோக்: அநியாயம், அண்ணே! ஊரில் பெற்ற தாய்க்குப் பங்கு உண்டே?

உண்டு. இந்தியாவின் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் போன ஆணுக்குத் தாய், மனைவி, பிள்ளைகள் எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். இதே மகன் பெயரில் தஞ்சாவூர்ப் பக்கம் சுயார்ஜித (தானே சம்பாதித்த) நிலம் இருந்தால் மூன்று பேருக்கும் சமபங்கு. ஆனால் அது ஊர் நிலத்துக்கு. சிங்கப்பூர்ப் பணத்துக்கு இங்குள்ள சட்டம்.

ஜூரோங்: நானும் கைக்குழந்தையோடு விதவையானவள். மாமியாருக்குப் பங்கு, பங்கு என்கிறீர்களே, வீட்டுக் கடனை யார் கட்டுவது?

புக்கிட் பாத்தோக்: பத்து மாதம் சுமந்தவள் தெருவில் நிற்கட்டுமா?

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். பெற்றோர் பராமரிப்புச் சட்டம் (1995) பெற்ற பிள்ளைகளிடம்தான் கேட்கும், மருமகளைக் கட்டுப்படுத்தாது. மருமகள் விரும்பினால் தன் பாதியிலிருந்து தரலாம், பேரனின் பாதியைத் தொட முடியாது. என் மேசைக்கு இப்படி வந்த குடும்பங்களில் சில பேசித் தீர்த்துக்கொண்டன. பல, பதினாறாம் நாளோடு பேச்சை நிறுத்திக்கொண்டன. தாய்க்குக் கொஞ்சமாவது ஒதுக்கியிருக்கலாம் என்பதுதான் என் எண்ணமும். அதற்காக அந்தப் பெண்ணைத் திட்டாதீர்கள், அவள் எழுதிய சட்டமா இது?

செங்காங்: நாமினி என்பவர் வெறும் பொறுப்பாளர்தானே?

அது ஊர் வங்கிக் கதை. இங்கே மசேநிதியில் நியமிக்கப்பட்டவருக்கே பணம்.

ஈசூன்: உயில் இல்லை. வங்கியில் 42,000 வெள்ளி. வக்கீல் வேண்டுமா?

மொத்தச் சொத்தே 50,000 வெள்ளிக்குள், தகராறும் இல்லை என்றால் பொது அறங்காவலரிடம் விண்ணப்பித்துப் பாருங்கள். அதற்கு மேல் என்றால் நீதிமன்றம்தான்: உயில் இருந்தால் ப்ரொபேட், இல்லாவிட்டால் லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன்; இரண்டும் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் ஆணைகள்.

பிடோக்: சொத்துக்கு மரண வரி எவ்வளவு?

2008 பிப்ரவரி 15லிருந்து கிடையாது.

பொங்கோல்: அப்பா, தன்னால் முடியாமல் போனால் தன் சார்பில் முடிவெடுக்க எனக்கு நிரந்தர அதிகாரப் பத்திரம் கொடுத்திருந்தார். அதை வைத்துக் கணக்கை மூடலாமா?

மூச்சு நின்றதுமே அதுவும் செத்துவிட்டது.

சுவா சூ காங்: ஈமச் செலவுக்கு ஏடிஎம்மில்...

மேலே ஊட்லண்ட்ஸ் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள். ரசீதுகளை வைத்திருங்கள், செலவைச் சொத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்.

சுவா சூ காங்: 20 வெள்ளிதான் எடுத்தேன், ஐயா. மாலை வாங்க.

மாலைக்கு ரசீது இருக்கிறதா?