சில சேனல் மட்டும் உடைகிறதா? பாக்ஸை மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்

கேள்வி: மழைக்குப் பிறகு எங்கள் வீட்டு கேபிள் டிவியில் சில சேனல்கள் மட்டும் கட்டம் கட்டமாக உடைகின்றன. சத்தமும் விட்டு விட்டு வருகிறது. மற்ற சேனல்கள் பளிச்சென்று தெரிகின்றன. ஹாலில் ஒரு செட்டாப் பாக்ஸ், படுக்கையறையில் ஒன்று. ஹால் பாக்ஸ் போய்விட்டது, புதுசு வாங்குங்கள் என்கிறார் கேபிள்காரர். நானே ஏதாவது பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாகப் பார்க்கலாம். அதுவரை பாக்ஸுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பாக்ஸ் பழுதானால் பெரும்பாலும் எல்லாச் சேனலும் சேர்ந்துதான் படுத்துக்கொள்ளும், அல்லது பாக்ஸ் தானாக அணைந்து அணைந்து எரியும். (அணைந்து எரிவதற்கும் பாதி நேரம் அடாப்டர்தான் காரணம்.) சில சேனல் மட்டும் உடைகிறது, அதுவும் மழைக்குப் பிறகு என்றால் முதல் சந்தேகம் ஒயர் மேல்தான் வரவேண்டும்.

டிஜிட்டல் கேபிளில் ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனி ஃப்ரீக்வன்சி கிடையாது. பத்துப் பதினைந்து சேனல்களை ஒரே ஃப்ரீக்வன்சியில் மூட்டையாகக் கட்டி அனுப்புகிறார்கள். அந்த ஒன்றில் சிக்னல் குறைந்தால் அந்த மூட்டை மொத்தமும் உடையும், பக்கத்து மூட்டை ஜோராக ஓடும். ரிமோட்டில் அழுத்தும் சேனல் எண்ணுக்கும் ஃப்ரீக்வன்சிக்கும் சம்பந்தமில்லை. பழைய அனலாக் காலத்தில் சிக்னல் குறையக் குறையப் படம் புள்ளி புள்ளியாக மங்கும். இப்போது ஓர் அளவு வரை படம் அப்பழுக்கில்லாமல் இருக்கும், அதற்குக் கீழே போனால் சட்டென்று உடையும். நல்ல சேனல்களைக் காட்டி “உங்கள் லைன் நன்றாகத்தான் இருக்கிறது” என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

முதல் சோதனைக்குக் காசே வேண்டாம். ஹால் பாக்ஸையும் படுக்கையறைப் பாக்ஸையும் இடம் மாற்றுங்கள். அடாப்டரையும் ரிமோட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஹாலில் அதே சேனல்கள் மறுபடி உடைந்தால் கோளாறு ஒயரில். தொல்லை பாக்ஸோடு சேர்ந்து படுக்கையறைக்குப் போய்விட்டால், சரி, கேபிள்காரர் சொன்னது உண்மை. “சந்தா இல்லை” என்கிற மாதிரி எழுத்து வந்தால் அது வேறு கதை. இரண்டு பாக்ஸிலும் ஒரே பேக்கேஜ் இல்லாமல் இருக்கலாம், அதனால் இரண்டுக்கும் பொதுவான சேனலை வைத்துப் பாருங்கள்.

அடுத்து பாக்ஸின் மெனுவுக்குள் போங்கள். பெரும்பாலான பாக்ஸ்களில் சிக்னல் விவரம் காட்டும் பக்கம் ஒன்று இருக்கும்: ஃப்ரீக்வன்சி, ஸ்ட்ரென்த், குவாலிட்டி. உடைகிற சேனலில் நின்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு நல்ல சேனலில் நின்று குறித்துக்கொள்ளுங்கள். உடைகிறவை எல்லாம் 500, 600 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இருந்தால் ஒயருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம், அல்லது ஒயர் ரொம்ப நீளம். உயர்ந்த ஃப்ரீக்வன்சிதான் ஒயரில் சீக்கிரம் தேய்ந்து போகும். கீழ்க்கோடியில் உள்ளவை மட்டும் உடைந்தால் எங்கோ ஒயரின் நடுக்கம்பி சரியாகத் தொடவில்லை. இது கறாரான விதி இல்லை, ஆனால் எங்கே தேடுவது என்பதற்கு நல்ல துப்பு.

இப்போது ஒயர். கை வைக்கும் முன் டிவி, பாக்ஸ் இரண்டின் பிளக்கையும் பிடுங்குங்கள். இடி மின்னல் நேரத்தில் இந்த வேலையே வேண்டாம். கேபிளின் உலோகப் பகுதியைத் தொட்டதும் சுர்ரென்று இழுத்தால் விட்டுவிட்டு ஆபரேட்டரைக் கூப்பிடுங்கள். எங்கிருந்தோ கசிந்த கரண்ட் அந்த ஒயர் வழியே வரலாம். மின்கம்பத்தில் ஏறுவதைப் பற்றி நினைக்கவே கூடாது.

இரண்டு பாக்ஸ் இருப்பதால் எங்கோ ஒரு ஸ்பிளிட்டர் இருக்கும். இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒவ்வொரு பக்கமும் சுமார் 3.5 டெசிபல் சிக்னலைத் தின்றுவிடும், நான்காகப் பிரிப்பது 7 டெசிபல். அதைக் கழற்றிவிட்டு உள்ளே வரும் ஒயரையும் ஹாலுக்குப் போகும் ஒயரையும் நேரடியாக இணைத்துப் பாருங்கள். உடனே சரியானால் ஸ்பிளிட்டரே கெட்டிருக்கலாம், அல்லது வரும் சிக்னலே விளிம்பில் இருக்கலாம். மொட்டை மாடியில் மழையில் கிடக்கும் ஸ்பிளிட்டர் என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள், விலை சொற்பம்தான். அதை விட்டுவிட்டு பூஸ்டர் வாங்கி மாட்டுவார்கள் சிலர். பூஸ்டர் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்துப் பெருக்கும். கெட்டுப்போன சிக்னல் அதனால் நல்லதாகாது.

ஒயர் முனையில் இருக்கும் கனெக்டரைத் திருகிக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். நடுக்கம்பி செம்பு நிறத்தில் பளபளக்க வேண்டும். பச்சைப் பூத்தோ கறுத்தோ இருந்தால் அதுதான் வில்லன். மேலுறைக்குள் சுற்றிவர இருக்கும் உலோகப் பின்னல் வலையின் ஒற்றை இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் போதும், சிக்னல் போயே போச்சு. கெட்ட பகுதியை ஒரு சாண் வெட்டி எறியுங்கள். வெட்டிய இடத்தில் நடுவில் இருக்கும் வெள்ளை ஃபோம் ஈரமாகவோ பழுப்பாகவோ தெரிந்தால் தண்ணீர் உள்ளே ஓடியிருக்கிறது, அந்த ஒயரையே மாற்ற வேண்டும். சுத்தமாக இருந்தால் மேலுறையைச் சீவி, பின்னலைப் பின்பக்கம் மடித்து, ஃபோமைக் கனெக்டரின் உள்தளத்தோடு சமமாக வெட்டுங்கள். நடுக்கம்பி கனெக்டர் விளிம்பைத் தாண்டி சுமார் 3 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். குட்டையானால் தொடாது, ரொம்ப நீண்டால் பாக்ஸின் சாக்கெட்டைக் கெடுக்கும். கையால் இறுக்கியபின் 11 மில்லிமீட்டர் ஸ்பேனரால் கால் திருகு, அவ்வளவுதான்.

ஒயர் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சுவரோடு ஒட்டி நேராக இறங்குகிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் மழைத்தண்ணீர் அதன் மேலேயே வழிந்து உள்ளே வரும். நுழைவதற்கு முன் ஒயரைத் தொங்கலாக வளைத்துவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

இவ்வளவும் செய்து, ஸ்பிளிட்டர் இல்லாமலும் உடைகிறது, பக்கத்து வீட்டிலும் அதே சேனல்கள் உடைகின்றன என்றால் கோளாறு வெளியே, தெரு ஆம்ப்ளிஃபையரிலோ கம்பத்து ஜாயிண்டிலோ. அது ஆபரேட்டர் வேலை. “படம் சரியில்லை” என்று மட்டும் சொல்லாமல், குறித்துவைத்த ஃப்ரீக்வன்சியையும் குவாலிட்டி எண்ணையும் சொல்லி, பாக்ஸை மாற்றிப் பார்த்தாயிற்று என்பதையும் சொல்லுங்கள். வரும் பையனிடம் சிக்னல் அளக்கும் மீட்டரையும் கொண்டுவரச் சொல்லுங்கள்.