ஜிடிஐக்கு 71 ஆயிரம் இன்சூரன்ஸா? எங்க குறைக்கலாம், எங்க கை வைக்கவே கூடாது

வேளச்சேரிலேர்ந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். 2017 மாடல் ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடிஐ, செகண்ட் ஹேண்ட்ல பேசி முடிச்சாச்சு, முழுசா இறக்குமதியான வண்டி, பழைய ஓனர் பாலிசி முடிஞ்சே போச்சு, ஆன்லைன்ல போட்டா மாடலே லிஸ்ட்ல வரல, ஒரு ஏஜென்ட் 12 லட்சம் ஐடிவிக்கு (வண்டி முழுசா போனா இன்சூரன்ஸ் கம்பெனி தர்ற தொகை) பிரீமியம் 71 ஆயிரம் சொல்றார், "ஐடிவியை 8 லட்சமா இறக்கிடலாம் சார், கம்மியாயிடும்"னு வேற சொல்றாராம். கடைசில போற போக்குல ஒரு வரி: பழைய ஸ்விஃப்டை போன வாரம்தான் வித்தேன், அதுல 50% என்சிபி (கிளெய்ம் பண்ணாத வருஷங்களுக்குக் கிடைக்கற தள்ளுபடி) இருந்துச்சு.

தம்பி, அந்தக் கடைசி வரிலதான் உங்க காசு இருக்கு. அதுக்கு வரேன்.

முதல்ல ஒரு விஷயம், நம்ம ஊர்ல இன்சூரன்ஸ் கணக்கு குதிரைத்திறனைப் பாக்கறதே இல்ல. சிசி, வண்டி வயசு, ஐடிவி, எந்த ஊர் பதிவு, இதான் அடிப்படை. உங்க வண்டி 1,798 சிசி, 192 குதிரை, இருக்கட்டுமே, 1,500 சிசிக்கு மேல எல்லா காருக்கும் தேர்ட் பார்ட்டி (நம்ம வண்டியால மத்தவங்களுக்கு ஆகற சேதத்துக்கான கட்டாய கவர்) ஒரே ரேட்டுதான், 2022 ஜூன்ல அரசாங்கம் வெச்சது 7,897 ரூபா. பக்கத்து வீட்டு இன்னோவாவுக்கும் அதே 7,897. இறக்குமதிங்கற வார்த்தைக்கும் பயப்படாதீங்க, டியூட்டி கட்டாம வந்த வண்டிக்குத்தான் பழைய டாரிஃப்ல (அப்ப எல்லா கம்பெனிக்கும் பொதுவா இருந்த ரேட் பட்டியல்) 30% லோடிங், அதாவது கூடுதல் பிரீமியம், கம்பெனியே கொண்டாந்து ஷோரூம்ல வித்த வண்டிக்கு அது கிடையாது.

அப்ப 71 ஆயிரம் எங்கேர்ந்து வருது? போட்டுப் பாப்போம். சென்னை ஏ ஜோன் (பெருநகரப் பதிவு), 5 வயசுக்கு மேல 10க்குள்ள இருக்கற 1,500 சிசி தாண்டின காருக்கு பழைய டாரிஃப் ரேட் 3.612%. 12 லட்சத்துக்கு ஓன் டேமேஜ் (நம்ம வண்டி சேதத்துக்கான பங்கு) 43,344. தேர்ட் பார்ட்டி சேத்து 51,241, அதுமேல 18% ஜிஎஸ்டி போட்டா 60 ஆயிரத்து சொச்சம். மிச்சம் பத்தாயிரம் ஆட்-ஆன், அதாவது கூடுதல் கவர்கள். அதாவது ஏஜென்ட் உங்களுக்கு ஒத்த ரூபா தள்ளுபடி தரல, டாரிஃப் 2007லயே தளர்ந்தாச்சு, இப்ப கம்பெனிக்குக் கம்பெனி டிஸ்கவுன்ட் மாறும், அதனால ஒரே ஆள்கிட்ட கேட்டு நிக்கக்கூடாது.

இப்ப என்சிபி. அது வண்டியோட போறது இல்ல, ஆளோட வர்றது. ஸ்விஃப்ட் இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட வித்ததுக்கான பேப்பரைக் குடுத்து என்சிபி சர்டிஃபிகேட் வாங்குங்க, 3 வருஷம் செல்லும். அந்த 50% ஓன் டேமேஜ்ல கழிஞ்சா 43,344 அப்படியே 21,672 ஆயிடும், தேர்ட் பார்ட்டி, ஜிஎஸ்டி எல்லாம் சேத்து 34,900 கிட்ட. ஐடிவில ஒரு ரூபா குறைக்காமலே.

ஐடிவியை 8 லட்சமாக்கறது பத்தி. 5 வயசு தாண்டின வண்டிக்கு ஐடிவி பேசி முடிவு பண்றதுதான், அதனால சட்டப்படி தப்பில்ல. ஆனா நான் பல வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயரா (கிளெய்ம் வண்டியோட சேதத்தைக் கணக்கு போடறவன்) இருந்தவன், இதுல மாட்டினவங்களை நிறைய பாத்திருக்கேன். ரிப்பேர் செலவு ஐடிவில 75% தாண்டினா வண்டி டோட்டல் லாஸ். 8 லட்சத்துல 75% எவ்வளவு, 6 லட்சம். முன்னாடி ஒரு நல்ல இடி, ரெண்டு ஏர்பேக், ஹெட்லைட், ரேடியேட்டர், பானெட், எல்லாம் இம்போர்ட் பார்ட்ஸ், எஸ்டிமேட் 6 லட்சத்தைத் தொட எவ்வளவு நேரமாகும்? சரி பண்ணக்கூடிய வண்டியை டோட்டல் லாஸ்னு கணக்கு முடிச்சு அனுப்பிடுவாங்க, உங்க கைல 8 லட்சம், அதுக்கு இன்னொரு ஜிடிஐ கிடைக்காது. 12 லட்சம் போட்டிருந்தா அந்த எல்லை 9 லட்சம், வண்டி ஒர்க்‌ஷாப் போய்த் திரும்பி வந்திருக்கும்.

வாலன்டரி டிடக்டிபிளும் (கிளெய்ம்ல முதல் இவ்வளவு ரூபாயை நானே கட்டறேன்னு ஒத்துக்கறது) இதே மாதிரி ஆசை காட்டும். பழைய டாரிஃப்படி 15,000 நீங்க ஏத்துக்கிட்டா தள்ளுபடி அதிகபட்சம் 2,500, எனக்கு அது நல்ல வியாபாரமா தெரியல. அண்ணா சாலை ஆட்டோமொபைல் அசோசியேஷன்ல மெம்பரா இருந்தா 5%, ஆனா உச்சவரம்பு 200 ரூபா, பிரியாணிக்கு ஆச்சு.

ஆட்-ஆன்ல டயர், சாவி கவரையெல்லாம் எடுத்துடுங்க. ஜீரோ டெப் (பார்ட்ஸுக்குத் தேய்மானம் கழிக்காம தர்ற கவர்) இந்த வயசு வண்டிக்கு எல்லாரும் தரமாட்டாங்க, தர்ற கம்பெனி கிடைச்சா விடாதீங்க, இல்லன்னா ஏர்பேக், பிளாஸ்டிக், ரப்பர்ல பாதி உங்க தலைல. எஞ்சின் புரொட்டெக்ட் (எஞ்சினுக்குள்ள தண்ணி போனா உதவற கவர்) வேளச்சேரிக்காரருக்குக் கட்டாயம். 2015 டிசம்பர் வெள்ளத்துல நான் பாத்த வண்டி ஒண்ணு, சீட்ல ஈரமே இல்ல, ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்தா உள்ள சேறு காஞ்சு ஓடு மாதிரி ஒட்டியிருக்கு, தண்ணி வடிஞ்சதும் ஓனர் ஸ்டார்ட் பண்ணிப் பாத்திருக்கார், கனெக்டிங் ராட் வளைஞ்சு போச்சு. அந்த கவர் இல்ல, எஞ்சினுக்கு கிளெய்மும் இல்ல. 2024 அக்டோபர்ல வெள்ளத்துக்குப் பயந்து உங்க ஏரியா பாலத்து மேல வரிசையா காரை நிறுத்தினாங்களே, அவங்களைப் பாத்து நான் சிரிக்கல. இந்த ஜிடிஐயும் சென்னை வண்டின்னா காசு குடுக்கறதுக்கு முன்னாடி சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்க, கடைசி ஒரு அடில மண் கோடு தெரிஞ்சா அது வெள்ளத்துல முங்கின வண்டி, வந்த வழியே திரும்பிடுங்க.

ஈசிஆர்ல சனி ஞாயிறு மட்டும்தான் ஓட்டுவேன்னா ஓட்டற கிலோமீட்டருக்கு ஏத்த பிரீமியம் இருக்கு, 2022 ஜூலைலேர்ந்து இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ அனுமதிச்சது. கிமீ தாண்டினா டாப்-அப் உண்டான்னு மட்டும் கேட்டுக்கோங்க. பழைய ஓனர் ரீமேப் (பவர் ஏத்த எஞ்சின் சாஃப்ட்வேரை மாத்தறது), எக்ஸாஸ்ட் ஏதாவது பண்ணியிருந்தா ஸ்டாக்குக்கு, அதாவது கம்பெனி ஒரிஜினலுக்கு மாத்துங்க, இல்ல எழுத்துல சொல்லுங்க, மறைச்சா கிளெய்ம்ல அங்கதான் கை வைப்பாங்க. இருங்காட்டுக்கோட்டை டிராக்ல ரேஸ், ஸ்பீடு டெஸ்ட்னு இறக்கினா சாதாரண பாலிசி அங்க செல்லாது.

போர்ட்டலை விட்டுட்டு நேரா ஆபீஸ்ல கோட்டேஷன் கேளுங்க. யுனைடெட் இந்தியா, சோழமண்டலம் எம்எஸ், ராயல் சுந்தரம் மூணுக்கும் தலைமை அலுவலகமே சென்னைதான், லிஸ்ட்ல இல்லாத மாடலை அண்டர்ரைட்டர் (பிரீமியத்தை முடிவு பண்ற அதிகாரி) கையால போட்டுத் தர முடியும். பாலிசி இல்லாத வண்டிங்கறதால இன்ஸ்பெக்‌ஷன் வருவாங்க, பாலிசி கைக்கு வர்ற வரைக்கும் வண்டியை ரோட்ல எடுக்காதீங்க. முதல் வேலையா, இன்னைக்கே அந்த ஸ்விஃப்ட் கம்பெனிக்கு என்சிபி சர்டிஃபிகேட் கேட்டு மெயில் போடுங்க.