இறுகிய போல்ட், உடைந்த ஸ்டட்: கேள்வி பதில்

கேள்வி (ஈரோடு): ஐயா, ஸ்பிளெண்டர் வண்டிக்கு என்ஜின் ஆயில் மாற்ற உட்கார்ந்தேன். அடியில் உள்ள வடிகால் போல்ட் அசையவே இல்லை. ஸ்பேனர் நழுவி நழுவி அதன் முனைகள் மழுங்கிவிட்டன. இனி என்ன செய்வது?

பதில்: கையில் இருப்பது ஓபன் ஸ்பேனர்தானே? கீழே வையுங்கள். அது போல்ட்டின் இரண்டு பக்கங்களை மட்டும் பிடித்து முனையைத் தின்றுவிடும். பன்னிரண்டு முனை சாக்கெட்டும் (போல்ட் தலையைச் சுற்றி மூடிப் பிடிக்கும் குழல்) உதவாது. ஆறு முனை கொண்ட 17 மி.மீ. சாக்கெட் வாங்குங்கள்.

அடுத்து, எந்தப் பக்கம் திருப்பினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். போல்ட் தரையைப் பார்த்து இருக்கிறது. நீங்கள் மேலிருந்து குனிந்து கை விடுகிறீர்கள். போல்ட்டின் தலையை நேருக்கு நேர் பார்ப்பதாக வைத்துத்தான் இடம் (கழற்ற), வலம் (இறுக்க) முடிவு செய்ய வேண்டும். கழற்றுவதாக நினைத்து முழு பலத்தோடு இறுக்கியவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள்.

திசை சரி என்றால் வண்டியைச் சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்துங்கள். போல்ட் திருகியிருக்கும் கிராங்க் கேஸ் (என்ஜினின் அடிக்கூடு) அலுமினியம், போல்ட் எஃகு. ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். துளை சற்றே தளரும். சாக்கெட்டைப் பொருத்தி, அதன் முதுகில் சுத்தியலால் நேராக இரண்டு தட்டு தட்டுங்கள். முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை, பிறகு கழற்றும் பக்கம். ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தால் பிடி விட்டது என்று பொருள். வழிகிற ஆயில் சுடும், கை பத்திரம்.

அதற்கும் மசியாவிட்டால், ஓர் அளவு சிறிய 16 மி.மீ. சாக்கெட்டை மழுங்கிய தலைமேல் அடித்து ஏற்றுங்கள். தலை உருண்டையாகவே போய்விட்டதென்றால், விளிம்பில் உளியை வைத்துக் கழலும் திசையில் சாய்த்து அடிக்கலாம். மாட்டும்போது புது போல்ட், புது வாஷர்.

கேள்வி (திண்டுக்கல்): இறுகிய போல்ட்டில் டபிள்யூ.டி.-40 தெளிப்பானை அடித்துவிட்டு இரண்டு நாள் காத்திருந்தேன். கழலவில்லை. ஏன்?

பதில்: 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் அதை உருவாக்கியது ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்க. ஏவுகணையின் மேற்பரப்பைக் காக்கப் பயன்பட்டது. பிடித்த துருவுக்குள் ஊடுருவுவதற்கென்றே தனி எண்ணெய் விற்கிறது, அதை வாங்குங்கள். எந்த எண்ணெயாக இருந்தாலும் ஊற்றிவிட்டுப் படுத்துக்கொண்டால் வேலை நடக்காது. ஊற்றுங்கள், தட்டுங்கள், காத்திருங்கள், மறுபடி ஊற்றுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): பழைய மாருதி 800. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (புகைக்குழாய்த் தொகுதி) என்ஜினோடு பிணைக்கும் 8 மி.மீ. ஸ்டட் (தலையில்லாத மரைக்கம்பி) உடைந்து, பாதி சிலிண்டர் ஹெட்டுக்குள் நிற்கிறது. உடைந்த துண்டில் துளையிட்டு, உள்ளே விட்டுத் திருகி எடுக்கும் ஈஸி அவுட் வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அது கடினமாக்கிய எஃகு, அதனாலேயே எளிதில் முறியும். ஸ்டட்டைத் திருகவே முடியாமல்தானே அது உடைந்தது? அதைவிட மெல்லிய கருவியை அதற்குள் விட்டுத் திருகினால் எது முதலில் உடையும்? முறிந்த துண்டைச் சாதாரண டிரில் பிட் கீறக்கூடச் செய்யாது.

முனை வெளியே தெரிகிறதென்றால் ஒரு நட்டை அதன்மேல் வைத்து, நட்டின் துளை வழியாக வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். எஃகு வெல்டிங் அலுமினிய ஹெட்டில் ஒட்டாது என்பதால் பயம் வேண்டாம். வெல்டிங்கின் கடுஞ்சூட்டில் ஸ்டட் விரிந்து, ஆறும்போது சுருங்கும். துருவின் பிடி அங்கேயே விட்டுப்போகும். செந்நிறம் போய்க் கறுத்ததும் ஸ்பேனரை மாட்டி முன்னும் பின்னுமாக அசையுங்கள். தொடங்கும் முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் குழாய் பக்கத்தில் இருந்தால் அதை அகற்றாமல் தீயையே கொண்டுவராதீர்கள்.

முனை உள்ளே புதைந்திருந்தால், நடுவில் சென்டர் பஞ்ச்சால் (கூர்முனைக் கம்பி) குழி அடித்து, 3, 5, 6.5 மி.மீ. என்று படிப்படியாகத் துளையிடுங்கள். இடப்பக்கம் சுழலும் டிரில் பிட் கிடைத்தால் இன்னும் நல்லது. பாதித் துளையிலேயே ஸ்டட் தானாகக் கழன்று வருவதுண்டு. நடு தவறினால் ஹெட்டின் மரை போச்சு. கை நடுங்குபவர் லேத் பட்டறைக்குப் போகலாம்.

கேள்வி (சேலம்): ஈரோட்டுக்காரரிடம் சூடாக்கச் சொன்னீர்கள். ஸ்பார்க் பிளக்கை என்ஜின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும் என்கிறது என் வண்டியின் கையேடு. எது சரி?

பதில்: இரண்டும் சரி. ஆயிலின் சூடு வேறு, ஓடி நின்ற சிலிண்டர் ஹெட்டின் சூடு வேறு. ஹெட்டின் அலுமினியம் கடும் சூட்டில் மென்மையாகி, பிளக்கின் மரையோடு இழுபட்டு வரும். ஆறவிட்டே கழற்றுங்கள்.

கேள்வி (திருப்பூர்): சேலத்துக்குச் சொன்னது தவறு. எங்கள் மெக்கானிக் சுடச்சுடத்தான் கழற்றுகிறார். ஒன்றும் ஆனதில்லை.

பதில்: இறுகாத பிளக்கை எப்படிக் கழற்றினாலும் ஒன்றும் ஆகாது. நாம் பேசுவது இறுகியதைப் பற்றி.

கேள்வி (மறுபடியும் சேலம்): விரிந்தால் தளரும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்?

பதில்: கணக்குப் போடுவோம். 10 மி.மீ. துளை, 100 டிகிரி சூடு ஏறுகிறது. அலுமினியத் துளை சுமார் 0.023 மி.மீ. விரியும், எஃகுப் பிளக் 0.012. கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. துருவின் பிடியை உடைக்க அது போதும். ஆனால் பிளக்கின் அடி மரையில் படிந்த கரிக்கு அது பொருட்டே இல்லை. மேலே வரும்போது அந்தக் கரிதான் ஹெட்டின் மரையை வழித்துக்கொண்டு வரும். உண்மையிலேயே சிக்கியதென்றால் கை வைத்தால் பொறுக்கும் சூட்டில், கால் சுற்று கழற்றி, ஊடுருவும் எண்ணெய் விட்டு, மறுபடி உள்ளே திருப்பி, மறுபடி வெளியே. ஒரே இழுப்பில் எடுக்க ஆசைப்படாதீர்கள்.

கேள்வி (திருப்பூர்): அப்படியானால் மாட்டும்போது கிரீஸ் தடவலாமே?

பதில்: முலாம் பூசிய பிளக்குக்குத் தேவையில்லை. தடவினால் உராய்வு குறைந்து, அதே கை பலத்தில் கூடுதலாக இறுகிவிடும். 10 மி.மீ. பிளக்குக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர் போதும். டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையைக் காட்டும் ஸ்பேனர்) இல்லாதவர்கள் புதுப் பிளக்கை விரலால் முழுதும் திருகிவிட்டு, மேலே அரைச் சுற்று. சேலமும் திருப்பூரும் இத்துடன் சமாதானமாகுங்கள், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (நாகர்கோவில்): கார்புரேட்டர் திருகாணியின் நட்சத்திரத் தலை தேய்ந்துவிட்டது.

பதில்: ஜப்பானியத் தலையில் சாதாரணத் திருப்புளியைப் போட்டிருப்பீர்கள். தலையில் சிறு புள்ளி இருந்தால் அது ஜப்பானிய அளவு, அதற்குத் தனித் திருப்புளி உண்டு. கார்புரேட்டர்மேல் இம்பாக்ட் டிரைவரை (அடித்தால் திரும்பும் திருப்புளி) வைத்துச் சுத்தியலால் அடிக்காதீர்கள், கார்புரேட்டரின் உடல் விரிசல் விட்டுவிடும். வைஸ் கிரிப்பால் (பூட்டிக்கொள்ளும் குறடு) தலையைக் கவ்வித் திருப்புங்கள்.

கேள்வி (வேலூர்): டபிள்யூ.டி.-40 போதுமா?

பதில்: திண்டுக்கல்லுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

கேள்வி (கோவை): நீங்கள் எச்சரிப்பதற்கு முன்பே ஈஸி அவுட் உள்ளே முறிந்துவிட்டது.

பதில்: தொடாதீர்கள். உங்கள் ஊரிலேயே மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஈ.டி.எம். எந்திரம் உள்ள அச்சு வார்ப்புப் பட்டறைகள் இருக்கின்றன. ஹெட்டைக் கழற்றி எடுத்துப் போங்கள்.

கேள்வி (கடலூர்): 6 மி.மீ. போல்ட்டின் மரை வழுவழு என்றாகிவிட்டது. அரால்டைட் போடலாமா?

பதில்: கூடாது. 6.3 மி.மீ. டிரில், அதற்கான டேப் (மரை வெட்டும் கருவி), உள்ளே ஹெலிகாயில் சுருள் (புது மரையாக அமையும் கம்பிச் சுருள்). பழைய மரையைவிட உறுதியாக நிற்கும்.

கேள்வி (விழுப்புரம்): யமஹாவின் வலது கண்ணாடி கழலவில்லை. ஈஸி அவுட்…

பதில்: அது இடப்பக்க மரை. எதிர்ப்பக்கம் திருப்புங்கள். ஈஸி அவுட்டை எடுத்த இடத்திலேயே வையுங்கள்.

கேள்வி (தேனி): டீசல் இன்ஜெக்டர் சிக்கிவிட்டது.

பதில்: அது என் துறை அல்ல. டீசல் பம்ப் பட்டறையில் அதற்கென்றே இழுக்கும் கருவி வைத்திருப்பார்கள்.

கேள்வி (புதுச்சேரி): இனித் துருவே வேண்டாம் என்று எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டாக மாற்றிவிடட்டுமா?

பதில்: கடலோர ஊர், அலுமினிய என்ஜின், ஸ்டெயின்லெஸ் போல்ட். இடையில் உப்பு ஈரம் புகுந்தால் அரிக்கப்படுவது அலுமினியம்; அந்த வெள்ளைப் பொடி போல்ட்டைச் சிமெண்ட் போலப் பிடித்துக்கொள்ளும். கம்பெனி கொடுத்த போல்ட்டையே போடுங்கள். தலையில் 8.8 என்று (போல்ட்டின் வலிமையைக் குறிக்கும் எண்) இருந்தால் அதே எண் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.