மான் வரும் வீட்டில் எதை நடுவது? – வாசகர் கேள்வி பதில்

காட்டோரம் வீடு கட்டியவர்களிடமிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி மானைப் பற்றியவை. சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: வீட்டைச் சுற்றிச் செம்பருத்தி, ரோஜா, கொத்தவரை வைத்தேன். ஒரே இரவில் புள்ளிமான் கூட்டம் மொட்டையடித்துவிட்டது. மான் தொடாத செடிகளின் பட்டியல் கிடைக்குமா?
– வாசகி, மசினகுடி

பதில்: நீங்கள் நட்ட மூன்றும் மானுக்கு விருந்துச் சாப்பாடு. பட்டியலைத் தேடிப் போக வேண்டாம். பாதி நம் பேச்சிலேயே இருக்கிறது. ஆடு தொடாததால் அது ஆடுதொடா இலை. வாயில் புரண்டு ஆடாதோடை ஆகிவிட்டது. ஆடுதின்னாப்பாளைக்கும் பெயரிலேயே செய்தி இருக்கிறது. ஆடும் மானும் அசைபோடும் இனம். கசப்பான ஆல்கலாய்டு, பால், காரமான வாசனை எண்ணெய் ஆகியவற்றை இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஒதுக்கும். ஆகவே உங்கள் ஊரில் மேய்ச்சல் ஆடுகள் விட்டுவைத்த செடிகளைப் பார்த்தாலே முதல் பட்டியல் தயார்.

ஆனால் துவர்ப்பை நம்பாதீர்கள். மான் இனங்கள் பலவற்றின் எச்சிலில், துவர்ப்பைத் தரும் டானினைப் பிடித்துவைத்துக்கொள்ளும் புரதம் உண்டு. நமக்கு நாக்கு இழுக்கும் கொய்யாக் கொழுந்தை அது நிதானமாக மெல்லும்.

வேலியோரத்துக்கு ஆடாதோடையும் நொச்சியும் முதல் தேர்வு. இரண்டுமே போத்து நட்டால் வரும். பென்சில் தடிமனுள்ள, 3 அல்லது 4 கணு கொண்ட, 20 முதல் 25 செ.மீ. நீளக் குச்சிகளை மழை தொடங்கியதும் நடுங்கள். இரண்டு கணு மண்ணுக்குள் போகட்டும். ஆடாதோடைக்கு ஒன்றரை அடி, நொச்சிக்கு இரண்டடி இடைவெளி போதும். ஆண்டுக்கு இரண்டு முறை இடுப்பளவுக்கு வெட்டிவிட்டால் அடியிலிருந்து அடர்ந்து வரும். வெட்டாமல் விட்டால் மேலே குடை, கீழே ஓட்டை. மான் அந்த ஓட்டை வழியாகத்தான் நுழையும்.

பூ வேண்டுமென்றால் நித்தியகல்யாணி, நந்தியாவட்டை, அரளி (அரளியின் ஆபத்தைக் கீழே ஒரு பதிலில் பாருங்கள்). வாசனைக்குத் துளசி, கற்பூரவல்லி, எலுமிச்சைப்புல். கொல்லையில் இஞ்சி, மஞ்சள், வெங்காயம், பூண்டு வைக்கலாம். காட்டுப்பன்றி கிழங்கைத் தோண்டுவது தனிக்கதை. வெட்டிவேரை மானுக்குத் தடுப்பு என்று சிலர் விற்கிறார்கள். அதன் இளம் தாளை மாடே மேயும், மான் ஏன் விடப்போகிறது? மண் அரிப்பைத் தடுக்க வேண்டுமானால் நடுங்கள். காகிதப்பூவின் முற்றிய கிளையை முள் காக்கும், துளிரைக் காக்காது.

எவ்வளவு கசப்பான செடியாக இருந்தாலும், பிப்ரவரிக்குப் பிறகு புல் காய்ந்துவிட்டால் மான் அதையும் ஒரு கடி பார்க்கும். கசப்புச் செடி மானை முற்றாகத் தடுப்பதில்லை. அதன் சாப்பாட்டு வரிசையில் கடைசிக்குப் போகிறது, அவ்வளவுதான். அதனால் என்ன நடுகிறோம் என்பதைப் போலவே எங்கே நடுகிறோம் என்பதும் முக்கியம். எல்லையை ஒட்டி ஐந்தடி அகலத்துக்குக் கசப்பும் வாசனையும், அதற்கு உள்ளே சாதாரணச் செடிகள். செம்பருத்தியும் ரோஜாவும் வாசற்படியை ஒட்டி, ஆள் நடமாட்டமும் விளக்கும் இருக்கும் இடத்தில் இருக்கட்டும். ரோஜாவை வேலியோரம் வைத்தால் மானுக்கு வழி காட்டுகிறோம் என்று பொருள். ருசி கண்டபின் பக்கத்திலிருக்கும் துளசியையும் மிதித்துக்கொண்டு வரும்.

உண்ணிச்செடியை மட்டும் வேலிக்கு வைக்காதீர்கள். மான் தொடாது என்பது உண்மைதான். முதுமலைக் காட்டில் புல்வெளியை விழுங்கிக்கொண்டிருப்பதும் அதுதான். புல் போனால் மான் ஊருக்குள் வரும்.

கேள்வி: ரோஜாவில் அத்தனை முள் இருக்கிறதே, மானுக்குக் குத்தாதா?
– வாசகர், ஏற்காடு

பதில்: மானின் உதடு ஒல்லியானது, நாக்கு நீளமானது. முள்ளுக்கு நடுவே இலையை மட்டும் பொறுக்கி எடுக்கும். புதுத் தளிரின் முள் அப்போது மெத்தென்றுதான் இருக்கும்.

கேள்வி: "மான் சாப்பிடாது" என்று நர்சரியில் சொன்னதை நம்பி ரோஸ்மேரி, லாவெண்டர், அகபாந்தஸ் என 20 செடிகள் வாங்கி வைத்தேன். மறுநாளே ஏழெட்டுச் செடிகள் வேரோடு வெளியே கிடந்தன. ஏமாற்றிவிட்டார்களா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: செடியின் பெயரில் தவறில்லை, வயதில்தான். நர்சரிச் செடிக்குத் தழைச்சத்து உரமும் தண்ணீரும் தாராளமாகக் கிடைத்திருக்கும். இலை மென்மையாக, சாறு நிறைந்து, வாசனை எண்ணெய் குறைவாக இருக்கும். புதிதாக ஒன்று முளைத்திருந்தால் மான் கட்டாயம் ருசி பார்க்கும். அதற்கு மேல்வரிசையில் முன்பற்கள் கிடையாது. கீழ்ப்பற்களை மேல் ஈறின் கெட்டியான திண்டில் அழுத்தி, தலையை வெடுக்கென்று இழுத்துத்தான் பிய்க்கும். வேர் பிடிக்காத நாற்று அந்த இழுப்பில் முழுசாக வந்துவிடும். பிடிக்காததால் கீழே போட்டுவிட்டுப் போயிருக்கிறது, பாருங்கள்.

கிடந்தவற்றை வேர் காயும் முன் எடுத்து, நுனியில் மூன்றில் ஒரு பங்கைக் கிள்ளி, மறுபடி நடுங்கள். ஒவ்வொன்றையும் சுற்றி ஒன்றரை அடி விட்டம், மூன்றடி உயரத்துக்கு வெல்டு மெஷ் கூண்டு வைத்து, இரண்டு குச்சியால் தரையில் இறுக்குங்கள். அது 60 முதல் 90 நாள் இருக்கட்டும். யூரியா வேண்டாம். லாவெண்டருக்கும் ரோஸ்மேரிக்கும் கொடைக்கானல் மழையே அதிகம். மேட்டுப்பாத்தியில் கால் பங்கு சரளை கலந்து நட்டால்தான் தண்டு கெட்டிப்பட்டு வாசனை ஏறும். அகபாந்தஸ் இலையை மான் பெரும்பாலும் விட்டுவிடும், பூமொட்டைச் சில சமயம் கொறிக்கும். கல்லா லில்லி நல்ல தேர்வு, அதன் சாற்றிலுள்ள ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் வாயைக் குத்தும். ஆனால் ஓடை, சதுப்பு நிலத்தின் பக்கத்தில் வைக்காதீர்கள்; பரவிவிட்டால் பிடுங்கி மாளாது. ஹைட்ரேஞ்சியா வேண்டவே வேண்டாம்.

ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: வந்தது கடமானா, காட்டெருமையா, முயலா? கத்தியால் சாய்வாக வெட்டியது போலக் காம்பு இருந்தால் முயல். நார் நாராகக் கிழிந்திருந்தால் மான் அல்லது ஆடு. பாத்தியே குழிந்து, உள்ளங்கையை விடப் பெரிய குளம்புத்தடம் இருந்தால் காட்டெருமை. அதற்கு இந்தப் பதிலில் எதுவும் உதவாது. கிழங்கு தோண்டப்பட்டிருந்தால் முள்ளம்பன்றியையோ பன்றியையோ சந்தேகப்படுங்கள்.

கேள்வி: வீட்டில் நான்கு வெள்ளாடுகளும் ஒரு கைக்குழந்தையும் உண்டு. மானுக்காக வேலி முழுக்க அரளி வைக்கலாமா?
– வாசகி, தாளவாடி

பதில்: வேண்டாம். செவ்வரளியிலும் மஞ்சள் அரளியிலும் இலை, பூ, விதை, பட்டை எல்லாமே இதயத்தைத் தாக்கும் நஞ்சு. பச்சை இலையின் கசப்பால் ஆடு ஒதுங்கும். வெட்டிப்போட்ட கிளை வாடியபின் பசியோடு வரும் ஆடோ கட்டிப்போட்ட ஆடோ தின்றுவிடும். விபத்து பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. காய்ந்த கிளையை எரித்தால் புகையும் கெடுதல். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் மஞ்சள் அரளிக் காயைத் தரையில் விழவிடக் கூடாது. உங்களுக்கு ஆடாதோடையும் நொச்சியுமே போதும். முள்வேலி வேண்டுமென்றால் கொங்குப் பகுதிக் கொறங்காடுகளில் (மேய்ச்சல் நிலங்களில்) இருப்பது போல முள்கிளுவைப் போத்துகளை நெருக்கி நடுங்கள். ஆடு உள்ளே, மான் வெளியே என்று இரண்டு வேலையையும் பார்க்கும்.

கேள்வி: முட்டைக் கரைசல் தெளித்தால் மான் வராது என்கிறார்கள். அளவு என்ன? ஒருமுறை தெளித்தேன், ஸ்பிரேயர் அடைத்துக்கொண்டது.
– வாசகர், கோத்தகிரி

பதில்: நாலு லிட்டர் தண்ணீருக்கு மூன்று முட்டை. முட்டையை ஒரு டம்ளர் தண்ணீரில் நன்றாக அடித்து, பழைய வேட்டித்துணியில் வடிகட்டி, பிறகு மீதித் தண்ணீரைச் சேருங்கள். வெள்ளைக்கருவிலுள்ள நார் வடிகட்டாமல் போனதால்தான் உங்களுக்கு அடைத்திருக்கிறது. வெந்நீர் ஊற்றினாலும் முட்டை திரிந்து அடைக்கும். இலையில் ஒட்டுவதற்குக் காதி சோப்புக் கரைசல் இரண்டு தேக்கரண்டி. பூண்டு, மிளகாய்த்தூள் சேர்ப்பதும் உண்டு. சேர்த்தால் இன்னொரு முறை வடிகட்டுங்கள்.

இலை ஈரமில்லாத மாலையில், அடுத்த ஒரு நாள் மழை இல்லை என்று தெரிந்தால் தெளியுங்கள். காய்ந்தபின் நமக்கு வாடை தெரியாது, மானுக்குத் தெரியும். புரதம் அழுகும் வாடை அதற்கு ஆபத்தின் அறிகுறி. இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒருமுறை, கனமழை பெய்தால் உடனே மறுபடி. இடையில் விட்ட புதுத் துளிரில் மருந்து இருக்காது; மான் அதைத்தான் தேடிவந்து தின்னும். பலர் "பலிக்கவில்லை" என்பது இதனால்தான். கீரை போன்று பச்சையாகப் பறிப்பவற்றில் தெளிக்காதீர்கள். மீதியைப் பாட்டிலில் மூடிவைக்கவும் வேண்டாம், வாயு சேர்ந்து வெடிக்கும்.

பழைய சேலை கட்டுவது, சலூன் முடி தொங்கவிடுவது எல்லாம் சில நாள் வேலை செய்யும். பிறகு மானுக்குப் பழகிப்போகும்.

கேள்வி: கிண்டிக் காட்டை ஒட்டிய குடியிருப்பில் இருக்கிறோம். வாசலுக்கு வரும் மானுக்குச் சோறும் பழத்தோலும் போட்டுவிட்டால் செடியை விட்டுவிடுமா?
– வாசகி, சென்னை

பதில்: விடாது; இன்னும் நாலு மானைக் கூட்டிவரும். சோறு போன்ற மாவுப்பொருள் திடீரென்று நிறைய போனால் மானின் முதல் இரைப்பையில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்து. பிளாஸ்டிக் பையோடு போட்டால் பையையும் விழுங்கும். குப்பைத்தொட்டியை மூடிவையுங்கள், செடிகளை முதல் பதிலில் சொன்ன வரிசைப்படி நடுங்கள்.

கேள்வி: வீட்டெல்லைக்கு எமரால்டு கிரீன் துஜா வரிசையாக வைத்தோம். பனிக்காலத்தில் ஐந்தடி உயரம் வரை மான் தின்று குச்சியாக்கிவிட்டது. கோடையில் அவரை, கீரையும் போச்சு.
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: உங்கள் ஊர் மான் வெண்வால் மான், பனியில் புல் கிடைக்காதபோது பசுமை மாறாத துஜாதான் அதற்குக் கைக்கெட்டும் உணவு. அந்தக் குச்சிப்பகுதியில் பழைய மரத்திலிருந்து புதுத் துளிர் வராது, காத்திருக்காதீர்கள். முன்னால் குட்டையான பாக்ஸ்வுட் வைத்து மறைக்கலாம். புதிதாக நட அமெரிக்கன் ஹாலி, ஸ்ப்ரூஸ் பொருத்தம். அங்கே பலர் வைக்கும் 'யூ' மரம் குதிரையையும் மாட்டையும் கொல்லும் நஞ்சு. மான் அதைச் சர்க்கரைப்பொங்கல் போலத் தின்னும். "நஞ்சு என்றால் மான் தொடாது" என்ற கணக்கு எல்லா இடத்திலும் செல்லாது.

உங்கள் மாநிலத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் தோட்டச்செடிகளை மான் சேதத்தின்படி நான்கு தரமாகப் பிரித்துப் பட்டியல் போட்டிருக்கிறது. வாங்கும்முன் அதைப் பாருங்கள். துலிப், ஹோஸ்டா இரண்டும் மோசமான தரம். துலிப்புக்குப் பதில் டாஃபடில் கிழங்கை அக்டோபரில் ஆறு அங்குல ஆழத்தில் நடுங்கள். பூண்டும் அப்போதே நடலாம். லாவெண்டர், ரஷ்யன் சேஜ் வெயில் பக்கம். புதினா தொட்டியில் மட்டும், இல்லாவிட்டால் புல்தரை முழுக்க ஓடிவிடும். அவரையும் கீரையும் கேட்டால், எட்டடி வேலிக்குள் தவிர வேறு வழியில்லை. தோட்டத்தில் வேலை முடிந்து வந்ததும் முழங்கால் மடிப்பையும் இடுப்பையும் பாருங்கள், மான் உண்ணி லைம் நோயைப் பரப்பும்.

கேள்வி: எட்டடி வேலிக்கு வசதியில்லை. நைலான் மீன்வலை கட்டலாமா? இளம் மாங்கன்றின் பட்டையையும் மான் உரித்துவிடுகிறது.
– வாசகர், சிறுமலை

பதில்: மீன்வலை வேண்டாம். ஆண்மானின் கொம்பு சிக்கினால் இரவு முழுக்கத் துடித்துச் செத்துப்போகும். மான் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருவது. கண்ணி, விஷம், வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது எல்லாம் குற்றம். சூரிய மின்வேலி என்றாலும் வனத்துறையிடம் கேட்டுப் பதிவு செய்த பிறகுதான்.

செலவைக் குறைக்க இரட்டை வேலி போடலாம். நாலடி உயரத்தில் இரண்டு வரிசை, இடையில் நாலு முதல் ஐந்தடி. உயரத்தையும் அகலத்தையும் ஒன்றாகக் கணித்துத் தாவ மான் தயங்கும். நடுவிலுள்ள இடத்தில் எலுமிச்சைப்புல்லை இரண்டடிக்கு ஒன்றாக வையுங்கள். சும்மா விட்டால் புல் முளைத்து அதுவே மேய்ச்சல் நிலமாகும்.

பட்டை உரிவது பசியால் இல்லாமல் இருக்கலாம். ஆண்மான் கொம்பின் மேல்தோலை உரசிக் கழிக்கவும், தன் இடம் என்று அடையாளம் வைக்கவும் கட்டைவிரல் தடிமன் முதல் மணிக்கட்டுத் தடிமன் வரையுள்ள கன்றைத் தேடும். அதற்கு எந்தத் தெளிப்பும் பயன்படாது. ஐந்தடி உயர வெல்டு மெஷ்ஷை மரத்திலிருந்து அரையடி தள்ளி, மூன்று மூங்கில் கழியில் கட்டுங்கள். மரத்தோடு ஒட்டிக் கட்டினால் கம்பியே பட்டையை அறுக்கும். பட்டை சுற்றளவில் பாதிக்கும் குறைவாக உரிந்திருந்தால் தொங்கும் பிசிறைக் கத்தியால் சீவி, காயத்தைத் திறந்தே விடுங்கள். சாணியும் தாரும் பூச வேண்டாம். முழு வட்டமாக உரிந்திருந்தால், உரிந்த இடத்துக்குக் கீழே, ஒட்டுக்கு மேலே பச்சை இருக்கும் இடத்தில் வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். ஒட்டுக்குக் கீழேயிருந்து வரும் துளிரைக் கிள்ளிவிடுங்கள். அதை வளர்த்தால் காய்ப்பது நீங்கள் வாங்கிய மாங்காய் அல்ல.