குழந்தையோட எச்ஐவி டெஸ்ட் ரிசல்ட் மெசேஜா வந்தா வீட்ல தெரிஞ்சிடுமா?

ஏற்காட்டுல எஸ்டேட் லைன் வீடு, ஒரே போன், மாமியாரும் எடுத்துப் பாப்பாங்கன்னு எழுதியிருக்கீங்க சிஸ்டர், இந்தப் பயம் எனக்கும் இருந்துச்சு. என் பையனுக்கு 6 வாரத்துல குதிகால்ல குத்தி, அட்டையில இருக்கற வட்டத்துல எல்லாம் சொட்டுச் சொட்டா ரத்தம் வச்சு காயவிட்டாங்க, ரிசல்ட் வர்ற வரைக்கும் எனக்கு சோறே இறங்கல. கிருமிய எதிர்க்க உடம்பு உண்டாக்கற ஆன்டிபாடியத் தேடற சாதாரண டெஸ்ட வச்சு இந்த வயசுல முடிவு சொல்ல முடியாது, ஏன்னா எச்ஐவி இருக்கற அம்மாவோட ஆன்டிபாடி 18 மாசம் வரைக்கும் குழந்தை உடம்புல இருக்கலாம், அதனாலதான் வைரஸையே தேடற பிசிஆர் டெஸ்ட்.

கென்யாவுல அம்மாக்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்பி வரவைக்கற சிஸ்டம் ரொம்ப நாளா இருக்கு. நீங்க ஐசிடிசி (எச்ஐவி டெஸ்டும் ஆலோசனையும் தர்ற மையம்) கவுன்சிலர்கிட்ட முதல் நாளே சொல்லிடுங்க, எந்த நம்பர், எந்த நேரம் கூப்பிடலாம், மெசேஜ்ல நோய் பேரே வேணாம், "குழந்தைய கூட்டிட்டு வாங்க"ன்னு மட்டும் போதும்னு. நான் அப்படித்தான் கேட்டு வாங்கினேன். மலையில டவர் போச்சுன்னா மெசேஜ் எப்ப வரும்னே தெரியாது, அதனால திரும்ப வரவேண்டிய தேதிய தடுப்பூசி அட்டையிலயும் குறிச்சுக்கங்க.

முதல் ரிசல்ட் நெகட்டிவ்னு நிறுத்திடாதீங்க ப்ளீஸ், தாய்ப்பால் குடிக்கற வரைக்கும் ரிஸ்க் இருக்கு, 6, 12, 18 மாசத்துலயும் டெஸ்டுக்குப் போகணும், குழந்தைக்கு எச்ஐவி வராம தடுக்க குடுக்கற சிரப்பையும் நீங்களா நிறுத்தக்கூடாது. சந்தேகம்னா எய்ட்ஸ் ஹெல்ப்லைன் 1097க்கு போன் பண்ணுங்க, காசு கிடையாது.