குளத்தோரம் ஆள் உயரத்துக்கு மேல வளர்ந்து நிக்குற இந்தப் புல்லு எது? நாணலா, கோரையா?

போட்டோ பாத்தேன். தண்ணி ஓரம், உச்சில ஊதா கலந்த பழுப்புக் கொண்டை, வருஷாவருஷம் அதே எடத்துல திரும்ப வருதுன்னு வேற சொல்றீங்க. கோரைய மொதல்லயே தள்ளிடலாம், ஏன்னா கோரைத் தண்ட விரல்ல உருட்டுனா பெரும்பாலும் மூணு பட்டை தட்டும், நடுவுல கணுவே இருக்காது, உங்க படத்துல தண்டு உருண்டையா கணுக்கணுவா இருக்கு. சம்புவும் இல்ல, அதோட பூ கெட்டியான பழுப்பு உருளையா நிக்கும்.

இனி குழப்பம் நாணல்லயேதான். அந்தப் பேர்ல ரெண்டு புல்லு இருக்கு, ஒண்ணு ஃபிராக்மைட்டிஸ், இன்னொண்ணு கரும்புக்குச் சொந்தக்காரனான சக்காரம் ஸ்பான்டேனியம். பூவ வச்சு முடிவு பண்ணலாம்தான், ஆனா பூ இல்லாத சமயத்துல அது வர்ற வரைக்கும் காத்திருக்கணும், அதுவும் காஞ்சு பஞ்சாயிட்டா தூரத்துல ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால நான் எப்பவும் பாக்குறது இலையும் தண்டும் சேர்ற எடம். இலைய மெதுவா தண்டுலேருந்து பின்னால வளைச்சு, உள்பக்கத்த வெளிச்சத்துல வச்சு போன் கேமராவ ஜூம் பண்ணுங்க. அங்க குட்டையா மயிர் வரிசை மட்டும் விளிம்பு கட்டுன மாதிரி இருந்தா ஃபிராக்மைட்டிஸ். அதுக்குப் பதிலா நல்லாத் தெரியுற மாதிரி ஒரு சவ்வு நீட்டிட்டு இருந்து, இலை நடு நரம்பும் வெள்ளையா தடிச்சு ஓடுச்சுன்னா அது சக்காரம். பூ கெடச்சா ஒண்ணு பாருங்க, சக்காரம் ஆரம்பத்துலேருந்தே வெள்ளி நிறமா இருக்கும், ஃபிராக்மைட்டிஸ் ஊதாவுல தொடங்கி முத்துன பிறகுதான் நரைக்கும்.

எடமும் சாட்சி சொல்லும். ஆத்து மணல் திட்டு, வெள்ளம் வந்து வடியுற கரைன்னா சக்காரத்துக்குப் புடிச்ச எடம். தேங்குன தண்ணி, கருப்புச் சேறு, சாக்கடை கலக்குற வாய்க்கால், கடல் தண்ணி லேசா ஏறுற முகத்துவாரம்னா ஃபிராக்மைட்டிஸ், கொஞ்சம் உப்பக்கூட தாங்கிக்கும். உங்க குளம் ரெண்டாவது ரகம், அதனால என் ஓட்டு ஃபிராக்மைட்டிஸுக்குத்தான், இருந்தாலும் அந்த மயிர் வரிசையப் பாத்துட்டு உறுதி பண்ணிக்கோங்க.

பச்சைத் தண்டுக்கு நடுவுல போன வருஷத்துக் காஞ்ச குச்சிங்க நிக்குதுல்ல, பல்லாண்டுப் புல்லுங்கறதுக்கு அதுவே அடையாளம், மேல காஞ்சாலும் சேத்துக்குள்ள படுத்துப் படர்ற கிழங்குத்தண்டு உசுரோடதான் கெடக்கும். அந்தச் செத்த குச்சிக்கும் வேலை இருக்கு. சேத்துல ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லங்கறதால, இலை வழியா உள்ள போற காத்து கிழங்குத்தண்டு வரைக்கும் எறங்கி, இந்த ஒடஞ்ச குச்சிங்க வழியா வெளிய வருது, காத்து வேகமா அடிக்கும்போது குச்சி வழியாவே உள்ளயும் இழுபடும். அப்படி வர்ற ஆக்சிஜன்ல கொஞ்சம் வேர சுத்தி கசியுது, கழிவுநீர சுத்தம் பண்ண நாணல் படுகை அமைக்கிறதுல இதுவும் ஒரு காரணம்.

குளத்த அடைக்குது, எடுக்கணும்னு கேட்டிருந்தீங்க. தோண்டிப் புடுங்காதீங்க, கணுவோட ஒரு துண்டு மிஞ்சுனாலும் முளைச்சிரும். தண்ணி மட்டத்துக்குக் கீழ வெட்டுங்க, பச்சையோட காஞ்சதையும் சேத்து, அப்புறம் வெட்டுன எடம் தண்ணிக்கு வெளிய தெரியாம பாத்துக்கோங்க. காத்துப் போற வழி அடைபட்டா கிழங்குத்தண்டு அழுகிடும். புதுத் தளிர் தண்ணிக்கு மேல தலை தூக்குனா மறுபடி வெட்டணும், ஒரு தடவையோட முடியாது.