ஒருமுறையாவது தாயாகட்டுமே?

அன்புள்ள ஐயா,

ஆறு வார வயதில் இரண்டு வளர்ப்பு எலிகளைத் தத்தெடுத்தேன். அக்கா தங்கை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து ஒன்றுக்கு வாலடியில் விதைகள் தெரிந்தன. உடனே வேறு கூண்டு வாங்கிப் பிரித்துவிட்டேன். ஆனால் இரவானால் இரண்டும் கம்பியைக் கடித்துக்கொண்டே இருக்கின்றன. பாவமாக இருப்பதால் ஒரு மணி நேரம் மட்டும் ஒன்றாக விடுகிறேன். பெண் சினையாக இருக்குமா, எப்படித் தெரிந்துகொள்வது? கூடப்பிறந்தவை சேர்ந்தால் குட்டிகள் ஊனமாகப் பிறக்குமா? சினையாக இருந்தாலும் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். தோழியோ, ஒருமுறையாவது அவள் தாய்மையை அனுபவிக்கட்டும், அதைப் பறிப்பது பாவம் என்கிறாள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ம.

அன்புள்ள ம.,

முதலில் அந்த ஒரு மணி நேரத்தை நிறுத்துங்கள். இன்றைக்கே. எலிகள் சேர்வதற்குச் சில நொடிகள் போதும், அதுவும் பெரும்பாலும் இரவில்தான். நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பெண்ணுக்குப் பருவம் வரும். நீங்கள் இரக்கப்பட்டுத் திறந்துவிடுகிற நேரமும் அதற்கு வாகான நேரமும் ஒன்றாக இருக்கின்றன. இரண்டு கூண்டையும் ஒட்டி வைத்திருந்தால் அதையும் தள்ளி வையுங்கள், கம்பி இடைவெளி வழியாகவே காரியம் நடந்துவிடும்.

சினையா என்றால், இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு வாரத்திலேயே இரண்டும் பருவத்துக்கு வந்துவிடும், ஐந்து வாரத்துக்குள் பிரித்திருக்க வேண்டும். உங்களிடம் வந்ததே ஆறு வாரத்தில். சினைக்காலம் 21 முதல் 23 நாள். கிராம் காட்டும் சின்னத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள். வளர்கிற வயது என்பதால் எடை எப்படியும் கூடும், திடீரென்று வேகமாகக் கூடுகிறதா என்று பாருங்கள். இரண்டு வாரம் ஆகும்போது காம்புகளைச் சுற்றி முடி விலகிக் காம்பு தெரியும். வயிறு பக்கவாட்டில் புடைப்பது கடைசி வாரத்தில்தான். அதுவரை காத்திருந்து தெரிந்துகொள்வதில் லாபமில்லை, மருத்துவர் தொட்டுப் பார்த்தோ ஸ்கேன் எடுத்தோ முன்னதாகவே சொல்லிவிடுவார்.

ஊனக் கேள்வியை விடுங்கள். ஆய்வகங்களில் இருபது தலைமுறைக்கு மேல் அண்ணன் தங்கையாகவே சேர்த்து எலி வம்சங்களை உருவாக்கியிருக்கிறார்கள். உறவுமுறை பார்ப்பது நம் கவலை, எலிக்கு அது கிடையாது.

இனி உங்கள் தோழியிடம் வருகிறேன். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பிருந்தே எனக்கு அவரோடு சண்டை. நாய் வளர்ப்பவர், பூனை வளர்ப்பவர் என்று எல்லா வீட்டிலும் அவரைப் பார்த்திருக்கிறேன். "ஒருமுறையாவது" என்று ஆரம்பிப்பார்கள். அந்த ஒருமுறையைக் கேட்டது யார்? எலி கேட்டதா?

1967இல் ஜே ரோசன்பிளாட் என்ற ஆய்வாளர் வெளியிட்ட பரிசோதனை ஒன்று இருக்கிறது. குட்டியே போடாத பெண் எலிகளின் கூண்டில் பிறந்த குட்டிகளை வைத்தார். முதலில் அவை குட்டிகளைச் சீந்தவில்லை. நாள்தோறும் குட்டிகளோடே இருக்க வைத்த பிறகுதான், ஏறக்குறைய ஒரு வாரத்தில், நக்கிக்கொடுக்கவும் கவ்விக் கூட்டுக்கு எடுத்துவரவும் ஆரம்பித்தன. குட்டி பெறாத எலி எதற்காகவும் ஏங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. குட்டி கண்முன் வந்து, உடம்பும் அதற்குப் பழகினால், தாய்மை வருகிறது. வராவிட்டால் அதன் வாழ்க்கையில் ஓட்டை ஒன்றும் விழுவதில்லை. ஓட்டை இருக்கிறது என்று நினைப்பது நாம். நம் வீட்டுப் பெண்களிடம் "இன்னும் விசேஷம் இல்லையா" என்று கேட்டுக் கேட்டுப் பழகிய வாய், கூண்டைப் பார்த்தும் அதையே கேட்கிறது. நீங்களும் ஒரு பெண், இந்தக் கேள்வியை எங்காவது வாங்கியிருப்பீர்கள். எலிக்காவது விலக்கு கொடுங்களேன்.

நண்பர் ஒருவர், பிள்ளைகள் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று தன் எலியைக் குட்டி போட விட்டார். மூன்றாவது வாரத்தில் நான் போயிருந்தேன். பன்னிரண்டு குட்டிகள், எல்லாவற்றுக்கும் கண் திறந்தாகிவிட்டது. தாய் கூண்டின் மேல்தட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது. ஒரு குட்டி காம்பை விடாமல் தொங்கியபடி ஏணியில் தடதடவென்று அடிபட்டுக்கொண்டே கூட வந்தது. தட்டில் ஏறியதும் தாய் வயிற்றைப் பலகையோடு ஒட்டவைத்து, ஒரு காம்புகூட எட்டாதபடி தட்டையாகப் படுத்துக்கொண்டது. விலா எலும்பு தெரிந்தது. கீழே மற்றவை ஏணியைக் கண்டுபிடித்துவிட்டன. "என்ன பாசம் பாருங்க, விட்டுப் பிரியவே மாட்டேங்குது" என்றார் நண்பர். எனக்கென்னவோ அது தப்பியோடுவதாகத்தான் தெரிந்தது. முதல் வாரத்தில் அதே எலி, தவறி வெளியே உருண்ட குட்டியைக் கவ்விக் கொண்டுவந்து போட்டதாம். அதையும் நம்புகிறேன். பாசம் பொய் என்று நான் சொல்லவில்லை. குட்டி வந்தபின் பாசம் வரும் என்பதற்காகக் குட்டியை வரவழைக்க வேண்டுமா என்று கேட்கிறேன்.

அதுவும் உங்கள் எலிக்கு வயது ஒன்பது வாரம். அதுவே இன்னும் வளர்ந்து முடியவில்லை. சாதாரணமாக எட்டு முதல் பன்னிரண்டு குட்டி, அதற்கு மேலும் போகலாம். அத்தனைக்கும் எலும்பும் சதையும் அந்தச் சின்ன உடம்பிலிருந்துதான் போக வேண்டும். ஆண் கூடவே இருந்தால், குட்டி போட்ட ஒரு நாளைக்குள்ளேயே மறுபடி சினை பிடிக்கும். பால் கொடுத்துக்கொண்டே அடுத்த ஈற்றைச் சுமக்கும். ஐந்தாவது வாரம் மகன்களும் சேர்வதற்குத் தயார். பன்னிரண்டு குட்டிக்கும் நல்ல வீடு தோழி கைவசம் வைத்திருக்கிறாரா? கேட்டுப் பாருங்கள். பாவம் என்ற பேச்சு அந்த இடத்தில் நின்றுவிடும்.

சரி, என் கருத்து தெரிந்துவிட்டது. ஆனால் முடிவு உங்களுடையதும் மருத்துவருடையதும். மயக்கம் கொடுத்துச் செய்யும் அறுவையில் அபாயம் உண்டு, எலி போன்ற சிறு பிராணிகளில் பழக்கமுள்ளவர்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். செய்வதென்றால் நாள் தள்ளாமல் செய்யுங்கள். கர்ப்பப்பையோடு, முட்டை உருவாகும் சினைப்பையையும் சேர்த்து எடுத்தால், பெண் எலிகளுக்குப் பின்னாளில் அடிக்கடி வருகிற மார்புக் கட்டிகளும் குறையும்.

நாள் கடந்துவிட்டது, வேண்டாம் என்று அவர் சொன்னால் குட்டிகள் வரட்டும். அதில் குற்றவுணர்ச்சி வேண்டாம், உங்களை ஏமாற்றியவர்கள் படட்டும். மாடியில்லாத, நெருக்கமான கம்பியுள்ள கூண்டாக மாற்றுங்கள். கிழித்த காகிதம் நிறையப் போடுங்கள். பஞ்சு வேண்டாம், குட்டியின் காலில் சுற்றிக்கொள்ளும். வேகவைத்த முட்டை கொடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் குட்டியைத் தின்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள், உங்களோடு பழகிய எலி என்றால் அப்படி எதுவும் ஆகாது. குட்டிகளின் வயிற்றில் வெள்ளைப் பட்டையாகப் பால் தெரிகிறதா என்று தினமும் ஒருமுறை பார்த்துவிட்டு விலகிவிடுங்கள். ஐந்து வாரம் ஆவதற்குள் ஆண் குட்டிகளைப் பிரித்துவிட வேண்டும், இந்தமுறை நீங்களே பார்த்து.

ஆண் எலி தனியாகத் தவிக்கிறதே என்ற கவலை நியாயமானது. அதற்கும் விதைநீக்கம் செய்துவிடலாம். ஆனால் செய்த அன்றே சேர்த்துவிடாதீர்கள், சில வாரங்கள் அதனால் சினை பிடிக்க வைக்க முடியும். எத்தனை வாரம் என்று மருத்துவர் சொல்வார். அப்புறம், எந்த எலிக்கு அறுவை என்றாலும் முதல் நாள் இரவு நாய்க்குச் செய்வதுபோலப் பட்டினி போட்டுவிடாதீர்கள். எலியால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் வெறும் வயிறு தேவையில்லை. மருத்துவமனையில் தொலைபேசியை எடுப்பவர் வழக்கம்போலப் பட்டினி போடச் சொன்னால், மருத்துவரிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.